நிச்சயமில்லாத நாட்களில் கலைக்கு என்ன வேலை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அம்மா படுக்கையில் இருக்கிறார், எப்போது எழுந்து நடமாடுவார் என்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செய்தியைத் திறந்தால் எங்கேயாவது போர். முன்பெல்லாம் நேரம் கிடைத்தால் படம் வரைவீர்கள். இப்போது பென்சிலை எடுத்தாலே "இந்த நேரத்தில் இது தேவையா?" என்று மனசு குத்துகிறது. இப்படிப்பட்ட காலத்தில் கலைக்கும் கற்பனைக்கும் இடம் உண்டா, உண்டென்றால் எங்கிருந்து தொடங்குவது, நம்பிக்கை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரையுங்கள் என்பதுதான் என் பதில். மனசு தெளியட்டும், நம்பிக்கை வரட்டும், அப்புறம் வரையலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பலரும் அப்படித்தான் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள், இரண்டுமே வருவதில்லை. முதலில் கை வேலை செய்ய வேண்டும், நம்பிக்கை அதன் பின்னால் வரும். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. ஆய்வாளர்கள் அளந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்கள், அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. உங்களுக்கு இருக்கும் களைப்பைச் சோம்பல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கெட்டது நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டால்கூட மனசு ஒருவழியாக அதற்குத் தயாராகிவிடும். நடக்குமா நடக்காதா என்ற நிலைதான் ஆளை அரிக்கும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். 45 பேரை ஒரு கணினி விளையாட்டு ஆட வைத்தார்கள். திரையில் வரும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு சின்ன மின்னதிர்ச்சி. வியர்வையையும் கண்மணி விரிவதையும் வைத்து அவர்களுடைய பதற்றத்தை அளந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த கட்டத்தைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற கட்டத்தில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. நீங்கள் மாதக்கணக்காக அந்தப் பாதிக்குப் பாதியில்தான் இருக்கிறீர்கள். களைத்துப்போகாமல் என்ன செய்வீர்கள்?

இந்த நிலையில் ஒரு சின்னப் படம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். வேலையைப் பற்றிய முடிவு வேறு யார் கையிலோ இருக்கிறது. அம்மாவின் உடம்பு அதன் போக்கில்தான் தேறும். ஆனால் உள்ளங்கை அளவு தாளில் ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்பதை நீங்கள் மட்டுமே தீர்மானிக்கிறீர்கள். கால்மணி நேரத்தில் அது முடிந்தும்விடுகிறது. நாள் முழுக்க எல்லாமே பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, தொடங்கி முடித்த ஒன்று கண்ணெதிரே இருப்பது பெரிய விஷயம்.

சரி, கை முதலில், நம்பிக்கை பின்னால் என்றேனே, அந்த ஆய்வு. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் டாம்லின் கானர் என்ற உளவியலாளரும் உடன் வேலை செய்தவர்களும் 658 இளைஞர்களை 13 நாள் தொடர்ந்து நாட்குறிப்பு எழுத வைத்தார்கள். இன்று எவ்வளவு படைப்பு வேலை செய்தாய், மனநிலை எப்படி இருந்தது, இவ்வளவுதான் கேள்வி. படைப்பு வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பாட்டு எழுதுவது, பின்னல் போடுவது, புதிதாக ஒன்றைச் சமைத்துப் பார்ப்பது, வரைவது போன்றவை. வழக்கத்தைவிடக் கூடுதலாக இப்படி ஏதாவது செய்த நாளுக்கு மறுநாள் அவர்கள் கூடுதல் உற்சாகத்தோடும் வாழ்க்கை பொருளுள்ளதாக இருக்கிறது என்ற உணர்வோடும் இருந்தார்கள். இதைத் திருப்பிப்போட்டும் பார்த்தார்கள். இன்று மனசு நன்றாக இருந்தால் நாளை படைப்பு வேலை கூடுகிறதா? அப்படி எதுவும் தெரியவில்லை. மனநிலை சரியாகட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா என்ன! மாற்றம் மிதமானதுதான், ஒரே நாளில் ஆளே மாறிவிடுவதில்லை. ஆனால் செயல் முந்தி, உணர்வு பிந்தி என்ற வரிசை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

"நான் ஒன்றும் பெரிய ஓவியன் இல்லையே" என்றும் எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேருக்குக் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுவதற்குத் தாள்கள் எல்லாம் கொடுத்து 45 நிமிடம் விருப்பம்போல் எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனைப் பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. ஏற்கெனவே வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்று வித்தியாசமும் இல்லை. 39 பேர் என்பது சின்ன எண்ணிக்கை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் திறமை இருந்தால்தான் பலன் என்ற பயத்தைக் கொஞ்சம் கழற்றி வைக்கலாம்.

நம்பிக்கை என்றால் என்ன என்பதைப் பற்றி உளவியலில் எனக்குப் பிடித்த விளக்கம், கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த சி. ஆர். ஸ்னைடருடையது. எல்லாம் நல்லபடியாக முடியும் என்ற எண்ணத்தை அவர் நம்பிக்கை என்று சொல்லவில்லை. போய்ச் சேர ஓர் இடம் வேண்டும், அதற்கு வழி ஒன்றிரண்டு தெரிய வேண்டும், அந்த வழியில் என்னால் நடக்க முடியும் என்ற எண்ணமும் வேண்டும். மூன்றும் சேர்ந்ததுதான் அவர் கணக்கில் நம்பிக்கை. வரைகிறவர் இதைத் தெரியாமலே பழகிக்கொண்டிருக்கிறார். சாயம் பரவிவிட்டது, இனி என்ன செய்யலாம்? அந்தக் கறையையே நிழலாக்கலாம். கை தவறியது, கோட்டை வேறு பக்கம் திருப்பலாம். அடைபட்ட இடத்தில் இன்னொரு வழி தேடும் பழக்கம் தாளோடு நின்றுவிடுவதில்லை.

இனி உங்கள் குற்ற உணர்ச்சி. மற்றவர்கள் துன்பப்படும்போது நான் படம் வரைவது சுயநலமில்லையா? இந்தக் கேள்விக்கு என் வாயால் பதில் சொல்வதைவிட, உங்களையும் என்னையும்விட மிக மோசமான இடத்தில் இருந்த ஒருவரைக் காட்டுகிறேன்.

ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் வியன்னாவில் பிறந்த ஓவியர். ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹாஸ் கலைப்பள்ளியில் படித்தவர். யூதர் என்பதால் 1942 டிசம்பரில் நாஜிகள் அவரையும் கணவரையும் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். 50 கிலோ சாமான்தான் கொண்டுபோகலாம். அதில் பெரும்பகுதியைத் தாளுக்கும் வண்ணத்துக்குமே ஒதுக்கினார். முகாமில் பெற்றோரைப் பிரிந்து கூட்டங்கூட்டமாக அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகளுக்கு அங்கே வரையச் சொல்லிக்கொடுத்தார். தாள் தீர்ந்துபோனால் அலுவலகப் படிவங்களின் பின்பக்கம், பொட்டலம் கட்டிய காகிதம், எது கிடைத்தாலும் சரி. அழகாக வரை என்று அவர் கேட்கவில்லை. ஒரு தாளத்தைக் கேட்டுக் கோடாகப் போடு, எதிரில் இருக்கும் பொருளை உற்றுப் பார், உன் வீடு எப்படி இருந்தது என்று நினைத்து வரை. அப்புறம், படத்தில் உன் பெயரைப் போடு. இதை அவர் விடாமல் வலியுறுத்தினார். முகாமைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளைகள் வெறும் எண்கள். தாளில் மட்டும் அவர்களுக்குப் பெயர் இருந்தது.

1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். போவதற்கு முன் சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் அடைத்துப் பத்திரப்படுத்தப்பட்டன. இப்போது அவை பிராக் நகர யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அதனால் கலை அவர்களைக் காப்பாற்றியது என்று நான் சொல்லவே மாட்டேன், அது பொய். வரைந்துகொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் அவர்கள் மனிதப் பிள்ளைகளாக இருந்தார்கள். அதைக்கூட வீண் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அங்கேயே அது சுயநலமாக இல்லாதபோது, அம்மா தூங்கும் நேரத்தில் நீங்கள் வரைவது எப்படிச் சுயநலமாகும்?

கலை சோறு போடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சில இடங்களில் போட்டிருக்கிறது. சிலி நாட்டில் 1973இல் ராணுவத் தளபதி பினோசெட் ஆட்சியைப் பிடித்தபிறகு ஆயிரக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், பலர் திரும்பவே இல்லை. கணவனையும் மகனையும் தேடி அலைந்த பெண்கள் சான்டியாகோ நகரில் கத்தோலிக்கத் திருச்சபையின் உதவியோடு ஒன்றுகூடித் தைக்கத் தொடங்கினார்கள். சாக்குத் துணிமேல் கந்தல் துண்டுகளை வெட்டி ஒட்டுத்தையல் போட்டு ஒரு காட்சியை உண்டாக்குவார்கள். அதற்கு ஆர்ப்பியேரா என்று பெயர். பின்னணியில் ஆண்டீஸ் மலையும் சூரியனும் இருக்கும். முன்னால் மூடிக்கிடக்கும் தொழிற்சாலை, பொதுச் சமையல், போலீஸ், "அவர்கள் எங்கே?" என்று கேட்கும் பெண்கள். காணாமல்போனவரின் சட்டையிலிருந்து எடுத்த துணியே சிலவற்றில் தைக்கப்பட்டிருந்தது. திருச்சபையின் அமைப்பு அவற்றை ரகசியமாக நாட்டுக்கு வெளியே அனுப்பி விற்றது. வந்த பணத்தில் குடும்பங்கள் சாப்பிட்டன. பத்திரிகைகள் வாயடைத்துக் கிடந்த நாட்களில் உள்ளே நடப்பதை உலகம் அந்தத் துணிகளைப் பார்த்தும் தெரிந்துகொண்டது.

இந்தப் பெண்களை நினைக்கும்போதெல்லாம் என்னை அதிகம் தொடுவது அவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து தைத்ததுதான். தனியே வீட்டில் அழுதுகொண்டிருந்தவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கும் இதே கதை என்று அங்கேதான் தெரிந்தது. உங்களுக்கும் ஒரே ஒரு துணை கிடைத்தால் போதும். பக்கத்தில் உட்கார வேண்டும் என்றுகூட இல்லை. வாரம் ஒருமுறை நீங்கள் வரைந்ததைப் படமெடுத்து அனுப்புங்கள், அவர் செய்ததை அவர் அனுப்பட்டும். ஆயிரம் பேருக்குக் காட்டி எத்தனை லைக் வந்தது என்று எண்ணத் தொடங்கினால் இன்னொரு நிச்சயமின்மையை நீங்களே உண்டாக்கிக்கொண்டதாகிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது? உங்கள் அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் மருந்து பாட்டில்களிலிருந்து. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜார்ஜோ மொராண்டி என்ற இத்தாலிய ஓவியர் போலோன்யா நகரில் மூன்று சகோதரிகளோடு ஒரே வீட்டில் இருந்தார். படுக்கையறைதான் வேலை செய்யும் இடம். தூசு படிந்த பாட்டில், குவளை, டப்பா, இவற்றை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பல பத்தாண்டுகள் வரைந்தார். இரண்டு உலகப் போர்கள் வந்து போயின, அவர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1964இல் அவர் இறந்தபோது இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான ஓவியர்களில் ஒருவராக உலகம் அவரை ஏற்றுக்கொண்டிருந்தது. அந்தப் படங்களில் கதையோ சம்பவமோ கிடையாது. இரண்டு பாட்டில்கள் தொட்டுக்கொண்டு நிற்கின்றனவா, நடுவில் ஓர் இழை இடைவெளி இருக்கிறதா என்பதே அவருக்குப் போதுமான விஷயமாக இருந்தது. வரைவதற்கு விஷயம் தேடி நீங்கள் எங்கும் போக வேண்டாம் என்பதற்காக இவரைச் சொன்னேன். அதே மூன்று பாட்டில்களை ஒரு மாதம் வரையுங்கள். காலை வெளிச்சத்தில் ஒன்று, இரவு விளக்கில் ஒன்று. பயத்தோடு மட்டுமே பார்த்துவந்த பொருளை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்குவீர்கள்.

அளவைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தபால் அட்டை அளவு, பத்துப் பதினைந்து நிமிடம், ஒரே பேனா. முடிந்ததும் தேதி போட்டு மூடிவிடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டாம். 2020இல் எல்லோரும் வீட்டில் அடைபட்டபோது "இதுதான் சமயம், புதிதாகக் கற்றுக்கொள், நாவல் எழுது" என்று எங்கு பார்த்தாலும் அறிவுரை. பயந்துபோய்க் கிடந்தவர்களுக்கு அது பெரிய கொடுமை என்று இன்றும் நினைக்கிறேன். கஷ்டகாலம் என்பது சாதனைக்குக் கிடைத்த விடுமுறை கிடையாது. ஒரு வாரம் எதுவும் வரையவில்லையா, சரி, எட்டாம் நாள் வரையுங்கள். செய்திகளை நாளுக்கு ஒரு நேரத்தில் மட்டும் பாருங்கள், அதுவும் வரைந்து முடித்தபிறகு.

நம்பிக்கை தரும் படமாகத்தான் வரைய வேண்டும் என்றும் இல்லை. பூவும் சூரியனும் வரவில்லை என்றால் விடுங்கள். கோபம்தான் வருகிறது, தாள் கிழியும்வரை கறுப்பைத் தேய்க்கிறீர்கள் என்றால் அதுவும் வேலைதான். "நல்லதையே நினை" என்று சொல்கிறவர்களுக்காக வரையத் தொடங்கினால் கை பொய் சொல்லும், சீக்கிரமே அலுத்துவிடும்.

வரையவே தெம்பில்லாத நாட்களும் வரும். அப்போது பார்ப்பது மட்டும் போதும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் வர்ஜீனியா ஸ்டர்ம் என்பவரும் குழுவினரும் 60 வயதைத் தாண்டியவர்களை எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு 15 நிமிட நடை போகச் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேண்டுகோள்: வியப்பு தருவது எதையாவது தேடிப் பாருங்கள். இரு பிரிவினரும் நடக்கும்போது தங்களைப் படமெடுத்துக்கொண்டார்கள். வியப்பைத் தேடியவர்களின் படங்களில் வாரம் செல்லச் செல்ல அவர்களுடைய உருவம் சிறிதாகி, சுற்றியுள்ள காட்சி பெரிதாகி, சிரிப்பும் விரிந்துகொண்டே போனது. மருந்து வாங்கப் போகிற வழியே இதற்குப் போதும்.

எழுதுவது உங்களுக்குப் பழக்கமென்றால் ஒரு எச்சரிக்கையோடு சொல்கிறேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள் தொடர்ந்து தினம் 15 நிமிடம் தங்களை மிகவும் பாதித்த விஷயத்தை எழுதினார்கள். உணர்ச்சியையும் நடந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவ மையத்துக்குப் போனார்கள். ஆனால் எழுதி முடித்த அந்த நேரத்தில் அவர்கள் மனசு முன்பைவிடக் கனத்துத்தான் இருந்தது. அதனால் தூங்கப்போகும் முன் எழுத வேண்டாம். எழுதியபின் கொஞ்ச நேரம் யாரோடாவது பேச முடிகிற பொழுதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலையால் ஆகாததையும் சொல்லிவிடுகிறேன். வேலை தேடுவதற்கு அது மாற்று கிடையாது, மருத்துவருக்கும் மாற்று கிடையாது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், பசி, எதிலும் ஆர்வம் எல்லாம் போய்விட்டிருந்தால், அல்லது உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால், உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் வரையலாம், அவரிடம் சிகிச்சை பெற்றுக்கொண்டே.

கடைசியாக உங்கள் அம்மாவைப் பற்றி. அவருக்கும் இதில் இடம் உண்டா என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். பிரெஞ்சு ஓவியர் ஹென்ரி மத்தீஸ் 1941இல் குடல் புற்றுநோய்க்குப் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது அவருக்கு 71 வயது. அதற்குப்பின் பெரும்பாலும் படுக்கை, இல்லையென்றால் சக்கர நாற்காலி. முன்போல நின்று வரைய முடியவில்லை. உதவியாளர்கள் தாள்களுக்கு அடர்ந்த வண்ணம் பூசிக் கொடுப்பார்கள். அவர் கத்தரிக்கோலால் வடிவங்களை வெட்டுவார். எந்தத் துண்டு சுவரில் எங்கே வர வேண்டும் என்று படுக்கையிலிருந்தே சொல்வார், அவர்கள் ஊசி குத்திப் பொருத்துவார்கள். 1954இல் இறக்கும்வரை இப்படிச் செய்தவை அவருடைய வாழ்நாளின் மிகத் துணிச்சலான வேலைகளில் சேர்கின்றன. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய அந்தக் காலத்தைத் தன் இரண்டாவது வாழ்க்கை என்று அவர் சொல்லிக்கொண்டார்.

அம்மாவுக்குக் கையில் பலம் இருந்தால் முனை மழுங்கிய கத்தரிக்கோலும் சில வண்ணத் தாள்களும் கொடுத்துப் பாருங்கள். கை நடுங்குகிறது, வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். நீங்களே வெட்டி, எதை எங்கே ஒட்டலாம் என்று அவரிடம் கேளுங்கள். அவர் இந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம்தான் நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றும். அப்போதும் அவர் சொன்ன இடத்திலேயே ஒட்டுங்கள்.